தோளில் போட்டுக் காட்டுகிறவன்

ஜூன் 24, திங்கள்

இல்லாத நிறம்: உடல் நாவல்பழ நிறம், பார்டர் கிளிப்பச்சை. பெரிய பார்டர் கூடாது, இரண்டு விரல் அகலம் போதும்.

கேட்டவர் பாளையங்கோட்டையிலிருந்து வந்த ஓர் அம்மாள். மகளுக்கு ஆவணியில் கல்யாணம். "பிள்ள கொஞ்சம் நெறம் கம்மி அண்ணாச்சி. சம்பந்தி வீட்டு ஆளுகளோட வரும்போது அவ சங்கடப்படக் கூடாதுல்லா. அதான் முன்கூட்டியே ஒரு எட்டு பாத்துட்டுப் போவம்னு வந்தேன்" என்றார்கள். அலமாரி முழுவதையும் இறக்கிப் பார்த்தேன். இல்லை. போன் நம்பரை வாங்கி வைத்துக்கொண்டேன்.

விற்றதை எழுத கம்ப்யூட்டர் இருக்கிறது. இல்லை என்று சொல்லி அனுப்பியதை எழுத இந்த டைரி. காஞ்சிபுரத்து ஏஜென்ட் வருஷா வருஷம் ஒன்று கொடுப்பார். பெரும்பாலும் மதியச் சாப்பாடு முடிந்து, சேலை விரித்துக் காட்டுகிற மெத்தையில் மறுபடி உட்கார மணி அடிப்பதற்குள் எழுதிவிடுவேன்.

இன்று இன்னொரு விசேஷம். சின்ன முதலாளி பட்டுப் பிரிவுக்கு வந்தார். ஆடித் தள்ளுபடிக்கு டிவி விளம்பரம் எடுக்கிறார்களாம். வழக்கமாக மெட்ராஸிலிருந்து நடிகையைக் கூட்டி வருவார்கள். இந்தத் தடவை கடை ஆட்களையே வைத்து எடுக்கப்போகிறார்களாம்.

"உங்களத்தான் போடப்போறோம் அண்ணாச்சி. நீங்க சேலையத் தோள்ல போட்டுக் காட்டுவீங்கல்லா, அதுதான் நம்ம கடைக்கே அடையாளம்."

எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. இருபத்தாறு வருஷம் ஆகிறது, யாரும் இதை ஒரு வேலை என்று சொன்னதில்லை. மெத்தையில் விரித்தால் பட்டு வெறும் துணி. ஒரு உடம்பில் விழுந்தால்தான் அது எப்படி நிற்கும் என்று தெரியும். கல்யாணப் பெண்ணை எழுப்பி நிறுத்தி, ஆளாளுக்குப் பார்த்து, ஆளாளுக்குக் குறை சொல்வதைவிட நான் போட்டுக்கொள்வது நல்லது. இடது தோளில் முந்தி, வலது கையில் கொசுவம், முகத்தை இடப்பக்கச் சுவருக்குத் திருப்பிக்கொள்ள வேண்டும். வந்தவர்கள் பார்க்க வேண்டியது சேலையை, என் மீசையை அல்ல. அந்தச் சுவரில் சிவப்பு நிறத் தீயணைப்பு சிலிண்டர் ஒன்று தொங்குகிறது. என் மனைவி பிரமுவின் முகத்தைவிட அதைத்தான் நான் அதிகம் பார்த்திருப்பேன்.

ஜூலை 2, செவ்வாய்

காலை ஆறு மணிக்கே ஷூட்டிங். கடை திறப்பதற்குள் முடித்துவிட்டார்கள். பதினாலு தடவை போட வைத்தார்கள். டைரக்டருக்கு முப்பது வயதுகூட இருக்காது, என்னை "சார்" என்றே கூப்பிட்டார். பதினொன்றாம் தடவையோ பன்னிரண்டாம் தடவையோ, "சார், லைட் செக் பண்ணணும். கேமராவைப் பார்த்து லேசா சிரிங்க சார், ஒரே ஒரு வாட்டி" என்றார். சேலை தோளில் இருக்கும்போது நான் சிரிப்பதில்லை. லைட்டுக்குத்தானே என்று சிரித்தேன். ஒரு பெண் ஓடிவந்து மல்லிகைச் சரம் ஒன்றைத் தோளில் வைத்தாள், வெள்ளை நிறம் எப்படி விழுகிறது என்று பார்க்கவாம். எடுத்துக் கொடுத்துவிட்டேன்.

இங்கிலீஷில் ஒரு பேப்பர். கையெழுத்துப் போட்டேன். எல்லோருக்கும் இட்லி, கேசரி.

வீட்டில் சொன்னதும் பிரமு தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள். செண்பகம் நாகர்கோவில் ஹாஸ்டலிலிருந்து போன் செய்தாள். "அப்பா, எங்க நர்சிங் காலேஜ் மெஸ்ல டிவி இருக்கு. அத்தன பேரையும் உக்கார வச்சுக் காட்டப்போறேன்" என்றாள்.

ஜூலை 14, ஞாயிறு

விளம்பரம் வந்துவிட்டதாம். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் டிவி பார்க்க ஏது நேரம்? ராத்திரி வீட்டுக்குப் போனபோது பிரமு விளக்கை அணைத்திருந்தாள். தலைவலி என்று படுத்திருந்தாள்.

ஜூலை 15, திங்கள்

பஸ்ஸில் முன் சீட்டுப் பையன்கள் போனில் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சத்தம் கேட்கவில்லை, படம் தெரிந்தது. ஒரு கணவன் மனைவிக்குச் சேலை எடுக்க வருகிறான். நான் தோளில் போடுகிறேன். படம் மெதுவாகிறது. மல்லிகைச் சரம். நான் கேமராவைப் பார்த்துச் சிரிக்கிறேன். கணவன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு மயங்கி விழுகிறான். "யார் கட்டினாலும் அழகு!" என்று எழுத்து வருகிறது.

முழுவதும் பார்க்கவில்லை. இரண்டு நிறுத்தம் முன்னாலேயே இறங்கிவிட்டேன். காற்று நன்றாக இருந்தது, நடந்தே போனேன்.

ஜூலை 17, புதன். ஆடி முதல் நாள்

தள்ளுபடிக் கூட்டம். மேலே ஏறி வருகிறவர்கள் சேலையைப் பார்ப்பதற்கு முன்னால் என்னைத் தேடுகிறார்கள். "ஏட்டி, இந்த ஆளுதாம்ட்டி அது!" ஒரு பையன் துண்டைத் தோளில் போட்டு என்னைப் போலவே சிரித்துக் காட்டினான். அவன் அம்மா சிரித்துவிட்டு, "கோவிச்சுக்கிடாதீங்க அண்ணாச்சி, சும்மா தமாஷுக்கு" என்றாள். நான் கோபித்துக்கொள்ளவில்லை.

தோள்பட்டையில் வலி. இன்று யாருக்கும் போட்டுக் காட்டவில்லை. ஜன்னலில் நிற்கும் பொம்மையை எடுத்து வரச்சொல்லி அதற்குக் கட்டிக் காட்டினேன்.

ஜூலை 19, வெள்ளி

தோள் வலி. தைலம்.

செண்பகம் ஐந்து நாளாகப் பேசவில்லை. நாகர்கோவிலில் மழையாம், சிக்னல் கிடைக்காது.

ஜூலை 22, திங்கள்

வீட்டில் டிவி ஓடவில்லை. கேபிள்காரன் வரவில்லை என்றாள் பிரமு. டிவிக்குப் பின்னால் பேனா உருண்டுபோய் எடுக்கக் குனிந்தேன். வயர் பிடுங்கப்பட்டு, அழகாகச் சுருட்டி, ரப்பர் பேண்டு போட்டு வைத்திருந்தது. பேனாவை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டேன். இவ்வளவு சுத்தமாகச் சுருட்டுகிற கேபிள்காரன் திருநெல்வேலியில் கிடையாது.

இல்லாத நிறம்: எழுதவில்லை. யாரோ இரண்டு பேர் கேட்டார்கள், மறந்துவிட்டது. இப்படி எனக்கு நேர்ந்ததில்லை.

ஜூலை 25, வியாழன்

பிரமு விடியற்காலை வள்ளியூர் போனாள். தங்கைக்குக் காய்ச்சலாம். சாயங்காலம் திரும்பினாள். காய்ச்சல் எப்படி என்று கேட்டேன். "யாருக்கு?" என்றாள். பிறகு, "ஆங், தேவலை" என்றாள்.

மகளிடமிருந்து போன் இல்லை. நானும் கூப்பிடவில்லை. படிக்கிற பிள்ளை, பரீட்சை நேரம். மெஸ்ஸில் அத்தனை பேரையும் உட்கார வைத்துக் காட்டியிருப்பாள். அதை நினைத்தால்தான் சோறு இறங்கவில்லை. எழுதிவிட்டேன், இருக்கட்டும்.

ஜூலை 29, திங்கள்

சின்ன முதலாளி அறைக்குக் கூப்பிட்டார். சூப்பர்வைசர் ஐயம்பெருமாளும் இருந்தார். விளம்பரத்தை லட்சக்கணக்கில் பார்த்திருக்கிறார்களாம். போனைத் திருப்பிக் காட்ட வந்தார். கண்ணாடி கொண்டுவரவில்லை என்றேன். சட்டைப் பையில்தான் இருந்தது.

தீபாவளிக்கு இரண்டாவது படம். பெண் பார்க்கிற காட்சி. நான்தான் பெண். முழுச் சேலை, ரவிக்கை, வளையல், தலையில் பூ. காப்பித் தட்டு எடுத்துக்கொண்டு வர வேண்டுமாம்.

"அண்ணாச்சி, நீங்க இப்ப ஸ்டார். நம்ம கடையில சேல்ஸ்மேன் எவ்வளவு ஜாலியா இருக்காங்கன்னு ஜனங்களுக்குத் தெரியணும்."

யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

"ஆடிப் பதினெட்டுக்குள்ள சொல்லிருங்க. இன்னொரு விஷயம், நீங்க இப்ப சேலையப் போட்டுக் காட்டுறதே இல்லைன்னு ஐயம்பெருமாள் சொல்லுதாரு. ஜனங்க அதப் பாக்கத்தான் வாராங்க. தோள் வலின்னா சொல்லுங்க, குடோன்ல ஒரு ஆள் வேணும். அங்க தோளுக்கு வேலையே இல்ல."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். குடோன் கடைக்குப் பின்னால், ஜன்னல் இல்லாத இடம். வாடிக்கையாளர் முகம் ஒன்றுகூடத் தெரியாது. வந்து இறங்கும் சேலைக் கட்டான பேலைப் பிரித்து, எண் ஒட்டி, லிஃப்டில் ஏற்றுவது. அங்கே போனவர்கள் யாரும் மேலே திரும்பி வந்து நான் பார்த்ததில்லை.

ஜூலை 31, புதன்

ஐயம்பெருமாள் டீ வாங்கிக் கொடுத்தார். "என்ன அண்ணாச்சி, ஒரு நாள் கூத்து. வேஷம்னு நெனைச்சுக் கட்டிட்டுப் போயிருங்க. நம்மள யாரு நெனைச்சுட்டே இருக்கப்போறா?" என்றார். நல்ல மனுஷன். எனக்காகத்தான் சொல்கிறார்.

வேஷம் கட்டுவதில் தப்பில்லை. எங்கள் ஊர்க் கோயில் கொடையில் பெண் வேஷம் கட்டி ஆடுகிறவரைப் பார்த்துக் கும்பிட்டிருக்கிறேன். அவரைப் பார்த்து யாரும் இப்படிச் சிரித்ததில்லை. என்னிடம் கேட்பது வேஷம் அல்ல. நான் தினமும் செய்கிற வேலையைச் செய்துகொண்டே, அது கோமாளித்தனம் என்று நானே ஒத்துக்கொள்ள வேண்டும்.

ஆகஸ்ட் 2, வெள்ளி

கையெழுத்துப் போட்டுவிடலாம் என்றுதான் இருக்கிறேன். நாற்பத்தொன்பது வயது. மெத்தையை விட்டால் எனக்கு வேறு இடம் தெரியாது. மகள் ஏற்கெனவே பேசுவதில்லை, இதற்கு மேல் பேசாமல் இருக்க என்ன இருக்கிறது?

பிரமுவிடம் சொன்னேன். அரிசி களைந்துகொண்டிருந்தாள். "உங்க இஷ்டம்" என்றாள். பிறகு, திரும்பாமலே, "ரவிக்கைக்கு அளவு யாரு எடுப்பா?" என்றாள்.

ஆகஸ்ட் 3, சனி. ஆடிப் பதினெட்டு

காலையிலேயே இரண்டாவது படத்துக்கான பேப்பர் மேசைக்கு வந்துவிட்டது. மதியத்துக்குள் போட்டுத் தருகிறேன் என்று சொல்லிவிட்டு மெத்தையில் உட்கார்ந்தேன்.

பதினொரு மணிக்குப் பாளையங்கோட்டை அம்மாள் வந்தார்கள். கூடவே மகள், சம்பந்தியம்மா, மாப்பிள்ளையின் தங்கைகள் இரண்டு பேர். பெண் என் எதிரில் உட்கார்ந்தது, தலை நிமிரவில்லை. அம்மாள் என்னைப் பார்த்த பார்வையில், அந்த நாவல்பழ நிறம் வந்ததா என்று கேள்வி இருந்தது. இல்லை என்று தலையசைத்தேன்.

சம்பந்தியம்மா ரோஸ் நிறம் ஒன்றை எடுத்தார். "எந்திரிச்சு நில்லும்மா, மேல வச்சுப் பாப்போம்."

பெண் எழுந்தது. தோளில் வைத்தார்கள். "ஐய, இந்தக் கலருக்கு இவ மொகமே தெரியலையே" என்றார். தங்கைகள் சிரித்தார்கள். அடுத்தது வெளிர் மஞ்சள். அடுத்தது சந்தன நிறம். ஒவ்வொன்றுக்கும் ஒரு வார்த்தை. பக்கத்து மெத்தைக்காரர்கள்கூடத் திரும்பிப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்கள். அம்மாளின் கை பையின் வாரைப் பிடித்துப் பிடித்து விட்டது. பெண் தரையையே பார்த்தபடி நின்றது. இன்னும் ஒரு சேலை போனால் அழுதுவிடும் என்று எனக்குத் தெரிந்தது. இருபத்தாறு வருஷமாக இந்த முகங்களைப் பார்க்கிறவனுக்கு அது தெரியும்.

அப்போதுதான் தங்கைகளில் ஒருத்தி என்னைக் கண்டுகொண்டாள். "ஏ, இவர்தான அந்த விளம்பரத்து ஆளு! அண்ணாச்சி, ஒரு தடவ போட்டுச் சிரிங்களேன்!" இரண்டு போனும் என் பக்கம் திரும்பின. தூணுக்குப் பக்கத்தில் சின்ன முதலாளி, கையில் அந்தப் பேப்பரோடு, சிரித்தபடி நின்றுகொண்டிருந்தார்.

பொம்மையைக் கொண்டுவரச் சொல்ல வாயெடுத்தேன். பெண்ணைப் பார்த்தேன். போன்கள் என் பக்கம் திரும்பிய அந்தக் கொஞ்ச நேரத்தில் அது மூச்சை விட்டுக்கொண்டிருந்தது.

"நீ உக்காரும்மா. நான் போட்டுக் காட்டுதேன்" என்றேன்.

அரக்கு நிறம் ஒன்றை எடுத்து விசிறினேன். முந்தி இடது தோளில், கொசுவம் வலது கையில். பதினேழு நாளாயிற்று. கை மறக்கவில்லை. முகத்தைச் சுவருக்குத் திருப்பினேன்.

"சிரிங்க அண்ணாச்சி!"

சிலிண்டரில் பரிசோதனைத் தேதி எழுதி ஒட்டியிருந்தது. படித்தேன்.

"இங்க பாருங்க அண்ணாச்சி! அதே மாதிரி!"

மறுபடி படித்தேன். காது சூடாகிவிட்டது. யாரோ சிரித்தார்கள். இன்னும் யாரோ. பிறகு சிரிப்பு குறைந்தது. சுவரைப் பார்த்து நிற்கிற ஒருவனை எவ்வளவு நேரம்தான் பார்த்துச் சிரிப்பது?

அப்போது புதிதாக ஒரு குரல் கேட்டது. மெல்லிய குரல்.

"அண்ணாச்சி, முந்திய இன்னும் கொஞ்சம் இறக்கிப் போடுங்களேன்."

கல்யாணப் பெண். கடைக்கு வந்த பிறகு அது பேசிய முதல் பேச்சு. இறக்கிப் போட்டேன். "அந்த மயில்கழுத்துக் கலரு?" போட்டேன். ஏழு சேலை போட்டேன். கடைசியில் அரக்கையே எடுத்தது. அதன் விருப்பம்தான். சம்பந்தியம்மா முணுமுணுத்தார்.

அவர்கள் போனதும் சின்ன முதலாளி வந்தார். "பாத்தீங்களா? கையில அப்படியே இருக்கு. ஒரு சிரிப்பு மட்டும் சிரிச்சிருந்தா தூக்கியிருக்கும். இந்தாங்க பேனா."

"வேண்டாம் மொதலாளி."

"என்ன வேண்டாம்?"

"ரெண்டாவது படம். சேலை தோள்ல இருக்கும்போது நான் சிரிக்கக் கூடாது. போன தடவ சிரிச்சது தப்பு."

"நடிப்புதான அண்ணாச்சி!"

"நடிக்கதுக்கு ஆள் இருக்காங்க. நான் வேல பாக்கேன்."

அவர் முகம் மாறியது. "அப்ப திங்கக்கிழமையிலருந்து குடோனுக்குப் போயிருங்க" என்றார். சரி என்றேன். உடனே சரி என்று சொன்னதுதான் அவருக்குக் கோபம் போலிருக்கிறது.

பயமாக இருக்கிறது. இதையும் எழுதி வைக்கிறேன்.

ஆகஸ்ட் 5, திங்கள்

குடோன். ட்யூப்லைட் கண்ணைக் குத்துகிறது. பேல் கத்தியால் விரலைக் கீறிக்கொண்டேன்.

ஆகஸ்ட் 8, வியாழன்

இன்று பிரித்த பேலில், அடியிலிருந்து மூன்றாவது: உடல் நாவல்பழ நிறம், பார்டர் கிளிப்பச்சை, இரண்டு விரல் அகலம். ஜூன் மாதத்திலிருந்து இங்கேயே கிடந்திருக்கிறது. நல்ல வார்த்தை ஒன்றும் வாயில் வரவில்லை.

டைரியைப் புரட்டி நம்பரை எடுத்துப் பாளையங்கோட்டைக்குப் போன் போட்டேன். முகூர்த்தச் சேலை எடுத்தாயிற்று, தெரியும். ஒரு வார்த்தை சொல்லலாம் என்றுதான். "மறுவீட்டுக்கு எடுத்துக்கிடுவா அண்ணாச்சி, மேல அனுப்புங்க, இன்னைக்கே வாரோம்" என்றார்கள். லிஃப்டில் அனுப்பினேன். சாயங்காலம் தாயும் மகளும் வந்து எடுத்துப் போனார்களாம். ஐயம்பெருமாள் சொன்னார். நான் பார்க்கவில்லை.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

குடோனுக்கு ஞாயிறு விடுமுறை. இருபத்தாறு வருஷத்தில் ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இருப்பது இதுதான் முதல் தடவை. என்ன செய்வதென்று தெரியாமல் கொடியில் துணியெல்லாம் கலர்வாரியாக மாற்றிப் போட்டேன்.

பத்து மணிக்குச் செண்பகம் வந்து நின்றாள். பையை வைப்பதற்குள், "அப்பா, என் போனை நேத்துதான் குடுத்தாங்க" என்றாள்.

"யாரு?"

அவள் அம்மாவைப் பார்த்தாள். "அம்மா சொல்லலையா?"

பிரமு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

மெஸ்ஸில் விளம்பரம் ஓடிய அன்று ஒரு சீனியர் பெண் துப்பட்டாவைத் தோளில் போட்டு என்னைப் போல ஆடிக்காட்டியிருக்கிறாள். இவள் ரச வாளியைத் தூக்கி அவள் தலையில் கவிழ்த்துவிட்டாள். "ஆறின ரசந்தாம்ப்பா" என்றாள், அதுதான் முக்கியம் என்பதுபோல. வார்டன் போனைப் பிடுங்கி வைத்துவிட்டார்கள். பெற்றோர் வந்து எழுதிக் கொடுத்தால்தான் வகுப்பில் உட்கார விடுவோம் என்றிருக்கிறார்கள். பிரமு அன்று போனது நாகர்கோவிலுக்கு; வள்ளியூர்க் காய்ச்சல் அதுதான்.

நான் இருபத்தேழு நாள் அந்தப் பிள்ளையைத் தப்பாக நினைத்திருக்கிறேன். அவளிடம் அதைச் சொன்னேன். சொல்லும்போது குரல் உடைந்துவிட்டது. "போங்கப்பா" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். விரலில் இருந்த கீறலைப் பார்த்து, மருந்து போட்டீர்களா என்று நர்ஸ் மாதிரி மிரட்டினாள்.

பிறகு டிவிக்குப் பின்னால் கையை விட்டு, சுருட்டிய வயரை எடுத்தாள். பிரமு வேண்டாம் என்பதுபோலத் தலையாட்டினாள். "இருக்கட்டும், மாட்டு" என்றேன்.

அரை மணி நேரத்தில் வந்துவிட்டது. மூன்று பேரும் பார்த்தோம். நான் முழுவதும் பார்ப்பது இதுதான் முதல் தடவை. மல்லிகை. சிரிப்பு. கணவன் மயங்கி விழுகிறான்.

"முந்தி உள்பக்கமா திரும்பியிருக்கு" என்றேன்.

"என்னப்பா?"

"சரிகை உள்ள போயிருச்சு பாரு. கேமராவப் பாத்துச் சிரிச்சேன்லா, கழுத்து திரும்பவும் தோள் எறங்கி முந்தி புரண்டிருக்கு. அத்தன லட்சம் பேரு பாத்திருக்கான், ஒருத்தன்கூட அதச் சொல்லலையே!"

செண்பகம் முதலில் சிரித்தாள். பிறகு பிரமு. அவள் சிரித்து ஒரு மாதமாகிறது.

"அப்ப சரியா எப்படி விழணும்? காட்டுங்க" என்றாள் மகள்.

கொடியிலிருந்து பிரமுவின் நூல் சேலையை எடுத்து வந்தேன். இடது தோளில் முந்தி, வலது கையில் கொசுவம். பழக்கத்தில் முகம் சுவர்ப்பக்கம் போய்விட்டது. இங்கே சிலிண்டர் இல்லை, காலண்டர்தான்.

"இங்க யாருப்பா சேலை எடுக்க வந்திருக்கா? எங்களப் பாருங்க" என்றாள் செண்பகம்.

திரும்பினேன். முந்தி உள்பக்கமாகப் புரண்டது. புரளட்டும் என்று விட்டுவிட்டேன்.